பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? 86, இசட்4, பாக்ஸ்டர், ஆர்எக்ஸ்-8: எதன் பில்லை உங்களால் தாங்க முடியும்?

கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து குதிரைசக்தியைக் கேட்பார்கள். பழுது பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். அதுவும் “பிரச்சனை ஒன்னும் இல்லையே?” என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிந்துவிடும். விற்கிறவர் “கல்லு மாதிரி இருக்கு பாஸ்” என்பார். பத்துப் பதினைந்து வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று சில வியாதிகள் உண்டு. எந்த வியாதி வரும், வந்தால் எவ்வளவு இழுக்கும், பார்க்கத் தெரிந்த கை இங்கே இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போனால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

ஒரு லட்சம் வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டியோ அதற்குக் கீழேயோ கையில் வைத்துக்கொண்டு தேடினால், திரும்பத் திரும்ப எதிரே வந்து நிற்பவை நான்கு: முதல் தலைமுறை டொயோட்டா 86, பிஎம்டபிள்யூ இசட்4 (2008 வரை வந்த ஈ85), போர்ஷ பாக்ஸ்டர், மஸ்டா ஆர்எக்ஸ்-8. நான்கும் நல்ல கார்கள்தான். ஆனால் நான்கும் உங்கள் பணத்தைத் தின்னும் விதம் வேறு வேறு.

பழுதுச் செலவை நான் பார்ப்பது இலக்கக் கணக்கில். மூன்று இலக்கப் பில் வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டிவிடலாம். நான்கு இலக்கம் வந்தால் போனஸ் போச்சு. ஐந்து இலக்கம் வந்தால், பெரும்பாலானவர்களின் கார் வர்க்‌ஷாப் மூலையில் தூசு பிடித்து நிற்கும். ஆகவே ஒரு கார் எத்தனை தடவை பழுதாகும் என்பதைவிட, அதிகபட்சமாக எத்தனை இலக்கப் பில்லை அது உங்கள் கையில் கொடுக்கக்கூடும் என்பதுதான் என் முதல் கேள்வி.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். அமெரிக்கா, இங்கிலாந்துக்காரர்கள் எழுதும் பழுதுச் செலவை அப்படியே ரிங்கிட்டுக்கு மாற்றிப் பயப்படாதீர்கள். அங்கே பில்லில் பெரும் பங்கு வேலைக்கூலி. நம் ஊரில் செகாம்புட்டிலோ சான் சோவ் லின்னிலோ உள்ள தனியார் வர்க்‌ஷாப்பில் கூலி அந்த அளவுக்கு வராது. கியர்பாக்ஸை இறக்கி ஒரு சின்னப் பேரிங்கை மாற்றும் வேலை அங்கே பயமுறுத்தும். இங்கே அவ்வளவு இல்லை. பொருள் விலை மட்டும் யூரோவிலும் யென்னிலும் வருகிறது, அதில் நமக்குச் சலுகை கிடையாது. கூலி அதிகம் கேட்கும் பழுது இங்கே தாங்கக்கூடியது, பொருள் அதிகம் கேட்கும் பழுதுதான் வலிக்கும். ஜப்பான் கார்களுக்கு ஹாஃப்கட் கடை என்ற வழியும் இருக்கிறது. ஜப்பானில் பாதியாக வெட்டிக் கொண்டுவந்த காரிலிருந்து கியர்பாக்ஸ், பம்பர், விளக்கு எல்லாம் கழற்றி வாங்கலாம்.

சரி, 86இல் ஆரம்பிப்போம். 2012இல் வந்த கார். எஞ்சின் சுபாருவின் எஃப்ஏ20: 1,998 சிசி, 200 குதிரைசக்தி, சிலிண்டர்கள் பக்கவாட்டில் படுத்திருக்கும் பாக்ஸர் அமைப்பு. இதன் பெரிய வியாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2012, 2013 காலத்தில் செய்த கார்களில் வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018 நவம்பரில் திரும்ப அழைப்பு அறிவித்தார்கள். ஸ்பிரிங் உள்ளங்கையில் அடங்கும் பொருள். அதை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். சிக்கல் அதோடு நிற்கவில்லை. திரும்பப் பூட்டும்போது மிஞ்சிப் பூசிய சீலண்ட் உள்ளே பிதுங்கி, எண்ணெய் போகும் வழியை அடைத்து, பழுது பார்த்த எஞ்சினே போய்விட்டதாக அமெரிக்காவில் உரிமையாளர்கள் புகார் சொன்னார்கள். அதனால் 2012-2013 காரைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஸ்பிரிங் மாற்றியாயிற்றா, மாற்றியபின் எவ்வளவு ஓடியிருக்கிறது? மாற்றி இருபது முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரைத்தான் நான் எடுப்பேன்; போன மாதம் மாற்றியதை அல்ல. ரீகண்டாக, அதாவது ஜப்பானில் ஓடிவிட்டு இறக்குமதியாகி வந்த கார் என்றால், சேஸி எண்ணை ஜப்பான் டொயோட்டாவின் தளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு முடிந்ததா என்று பார்த்துவிடலாம்.

மற்றதெல்லாம் சில்லறை. எஞ்சின் ஓடும்போது சில்வண்டு கத்துவது போல் ஒரு சத்தம் வரும், அது உயர் அழுத்த எரிபொருள் பம்பின் சத்தம். பலர் பயந்துபோய் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். சும்மா கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. கிளட்ச் ரிலீஸ் பேரிங் கரகரக்கும், முதல் ஆண்டுக் கார்களின் பின்விளக்கில் ஈரம் கோக்கும். எஞ்சின் படுத்திருப்பதால் ஸ்பார்க் பிளக் மாற்றக் கை நுழைய இடமில்லாமல் ஃபோர்மன் (மெக்கானிக்) முணுமுணுப்பார், அதற்குக் கூலியும் கூடக் கேட்பார். டயர் 215/45 ஆர்17, சாதாரண செடான் கார்களுக்கும் போடும் அளவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

86இல் உண்மையான ஆபத்து டொயோட்டா செய்ததில் இல்லை, முன்னால் வைத்திருந்தவர் செய்ததில். நம் ஊரில் இந்தக் காருக்கு டர்போ போட்டவர்கள் உண்டு. எஃப்ஏ20இன் கனெக்டிங் ராட் (பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டு) அந்தச் சுமைக்குச் செய்ததல்ல. விற்பதற்கு முன் டர்போவைக் கழற்றிவிட்டு “ஸ்டாண்டர்ட் கார்” என்பார்கள். பானெட்டைத் திறந்து பாருங்கள். புதிதாக மாற்றிய ஹோஸ் கிளிப்புகள், எங்கும் போய்ச் சேராத ஒயர், டேஷ்போர்டு ஓரத்தில் மீட்டர் ஒட்டியிருந்த பசைத் தழும்பு, இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த காருக்குப் போய்விடலாம். அதிகபட்சப் பில்: கெடுக்கப்படாத காரில் நான்கு இலக்கம், கெடுக்கப்பட்டதில் ஐந்து.

இசட்4 வேறு உலகம். நீளமான மூக்கு, ஆறு சிலிண்டர், துணிக் கூரை. விலையும் 86ஐவிட இறங்கியிருக்கும், அதில்தான் பலர் விழுவார்கள். 2005 வரை எம்54 எஞ்சின், 2006 முதல் என்52. எம்54 எஞ்சினில் பிளாஸ்டிக்தான் வில்லன்: குளிர்நீர்த் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு, குழாய் மூட்டு எல்லாம் சூட்டில் வெந்து நொறுங்கும். எம்ஆர்ஆர்2 வட்டச் சாலையில் பிற்பகல் மூன்று மணி ஜாமில் நிற்கும் காருக்கு இது ஐரோப்பாவைவிடச் சீக்கிரம் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாக மூன்று இலக்கம்தான். மொத்தமாக ஒரே தடவையில் மாற்றினால் நான்கு இலக்கம் போகும், அப்படி மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். என்52 எஞ்சினில் மின்சார வாட்டர் பம்ப். அது முன்னறிவிப்புக் கொடுக்காது, ஒருநாள் சட்டென்று நின்றுவிடும், விளக்கு எரியும், காரை ஓரம் கட்ட வேண்டியதுதான். கராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் இது நடந்தால், ‘இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டிவிடாதீர்கள், சிலிண்டர் ஹெட் போய்விடும். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரில் பம்பும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிய ரசீது இல்லையென்றால், அந்தச் செலவை விலையிலேயே கழித்துக் கேளுங்கள். எண்ணெய் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட்டும் வால்வு கவர் கேஸ்கெட்டும் கசிவது இரண்டு எஞ்சினுக்கும் பொது.

ஸ்டீயரிங்கை மறக்காதீர்கள். ஈ85இல் மின்சார பவர் ஸ்டீயரிங். வெயிலில் நின்ற காரை ஓட்டும்போது, நேராகப் போகையில் ஸ்டீயரிங் நடுவில் ஒட்டிக்கொண்டு, அசைத்தால் ‘டக்’கென்று விடும். குளிர் நாட்டில் சிலருக்குத் தெரியாமலே போகும் குறை, இங்கே மதிய வேளையில் அரை மணி நேரம் ஓட்டினாலே தெரிந்துவிடும். அதனால் இசட்4 பார்க்கக் காலையில் போகாதீர்கள், மதியம் போங்கள். சரிசெய்ய ஸ்டீயரிங் தண்டுத் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள். பொருள் செலவு, நான்கு இலக்கத்தின் மேல்பக்கம்.

ஆனால் கோலாலம்பூரில் இசட்4க்கு உண்மையான எமன் மழை. கூரையை மடக்கும் ஹைட்ராலிக் பம்பின் மோட்டார், கூரை மடங்கும் குழியின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கேயே மழைநீர் வடியும் துளையும் இருக்கிறது. அங்சானா மரத்தடியில் நிறுத்திய காரில் மஞ்சள் பூவும் இலையும் அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் நிற்கும், மோட்டார் மூழ்கும். செந்தூல் பக்கம் ஒரு வர்க்‌ஷாப்பில் அப்படி ஒன்றைக் கழற்றியதைப் பார்த்திருக்கிறேன். சுற்றியிருந்த கறுப்பு ஸ்பாஞ்ச் உறையைப் பிழிந்தபோது, பாத்திரம் கழுவும் பஞ்சு போல் அரைக் குவளை சேற்றுத் தண்ணீர் வந்தது. மோட்டாரின் உள்ளே செம்பு பச்சையாகியிருந்தது. “தம்பி, ஓட்டையை வருஷத்துக்கு ரெண்டு தடவை குத்திவிட்டா போதும், யாரும் செய்யிறதில்ல” என்றார் அந்த அண்ணன். அனுபவமுள்ளவர்கள் புது மோட்டாரைப் பழைய இடத்தில் வைக்காமல், பின்னால் சாமான் வைக்கும் பூட் பகுதிக்குள் மாற்றி வைக்கிறார்கள். அப்படி மாற்றிய கார் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். எஸ்எம்ஜி கியர்பாக்ஸ் (கிளட்ச் பெடல் இல்லாமல் ஹைட்ராலிக்கில் கியர் மாறுவது) உள்ள இசட்4ஐ மட்டும் தொடாதீர்கள். அதன் ஹைட்ராலிக் பம்ப் போனால் பார்க்கத் தெரிந்தவரைத் தேடுவதே ஒரு வேலை.

பாக்ஸ்டருக்கு வருவோம். போர்ஷ சின்னம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். மலிவுக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதன் பெயர் ஐஎம்எஸ் பேரிங். கேம் ஷாஃப்டுகளைச் சுழற்ற எஞ்சினுக்குள் ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் முழுவதும் போகும். அது ஐந்து இலக்கம், சந்தேகமே வேண்டாம். சில சமயம் காரின் விலையையே தொடும். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்கு அமெரிக்காவில் இது பற்றிக் கூட்டு வழக்கே நடந்து சமரசமானது.

எந்த ஆண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2005 வரையிலான பேரிங்கை, கியர்பாக்ஸை இறக்கி வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். கிளட்ச் மாற்றும்போதே, பின்பக்க எண்ணெய் சீலோடு சேர்த்துச் செய்தால் கூலி மிச்சம். முன்னே சொன்ன மாதிரி, கூலி மலிவான நம் ஊருக்கு ஏற்ற பழுது இது. 2006 முதல் 2008 வரை வந்த பெரிய பேரிங் அரிதாகத்தான் போகும், ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. 2009 மாடல் முதல் புது எஞ்சின், அதில் அந்தத் தண்டே கிடையாது. அந்தக் காருக்கு விலை கூடக் கேட்கிறார்கள் என்றால் நியாயமாகத்தான் கேட்கிறார்கள்.

பழைய பாக்ஸ்டரை வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால், எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி, மடிப்புத் தாளைக் கத்தியால் அறுத்து, வெயிலில் விரிக்க வேண்டும். மடிப்புகளுக்கு நடுவே கறுப்பு எண்ணெய் மட்டும் இருந்தால் நல்லது. மினுமினுக்கும் தூள் இருந்து, அடியில் காந்தத்தை நகர்த்தினால் அதுவும் கூடவே நகர்ந்தால், அது பேரிங்கின் இரும்பு. விற்கிறவர் இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

மற்ற வியாதிகள்: ஏர்-ஆயில் செப்பரேட்டர் (காற்றிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பாகம்) கிழிந்தால் கொசு மருந்து வண்டி மாதிரி வெள்ளைப் புகை கிளம்பும், பார்க்கப் பயங்கரம், பில் அவ்வளவு பயங்கரம் இல்லை. முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் ரேடியேட்டரும் ஏர்கான் கண்டென்சரும் இருக்கின்றன. உள்ளே குப்பையும் இலையும் சேர்ந்து ஈரத்தில் அரித்துவிடும். காற்று நுழையும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். 986இன், அதாவது முதல் தலைமுறை பாக்ஸ்டரின், குளிர்நீர்த் தொட்டி விரிசல் விட்டால் பூட் தரைவிரிப்பு ஈரமாக இருக்கும். மழை இதையும் விடாது. கூரை வடிகால் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், 986இன் இம்மொபிலைசர் பெட்டி இருக்கையின் அடியில் தரையில்தான் இருக்கிறது. அது நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது, பெட்டியையும் சாவியையும் ஒத்துப்போகச் செய்வது தெருமுனை ஃபோர்மன் வேலை இல்லை. இருக்கைக்கு அடியில் விரலை விட்டு விரிப்பை அழுத்திப் பாருங்கள். இருக்கைவாரைக் கடைசிவரை இழுத்தும் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் அந்தக் கார் வெள்ளத்தில் நின்றது. இந்தக் கடைசிச் சோதனை கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் காருக்கும் பொருந்தும்.

ஆர்எக்ஸ்-8 பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை, ஏனென்றால் கேள்வி ஒன்றுதான்: கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் உள்ளே கலவையை அழுத்தும் அழுத்தம், எவ்வளவு? பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின், 9,000 சுற்றுவரை ஊளையிட்டுப் போகும், ஓட்டிய யாரும் மறக்க மாட்டார்கள். இக்னிஷன் காயில் பலவீனமாகும். அதைக் கவனிக்காவிட்டால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டு அடைக்கும், அடைத்த சூடு எஞ்சினின் சீல்களைத் தின்னும். மூன்று இலக்கக் காயிலை விட்டுவிட்டு ஐந்து இலக்க எஞ்சினை வாங்கும் கதை இப்படித்தான் நடக்கிறது. சூடான எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் கம்ப்ரஷன் இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குடிப்பது மட்டும் குறை இல்லை, அந்த எஞ்சினே வேண்டுமென்று எண்ணெயை உள்ளே தெளிக்கிறது. இரண்டு தடவை பெட்ரோல் போடுவதற்கு ஒரு தடவை அளவு பார்க்க வேண்டும். ஷெட்டிலிருந்து வாசலுக்கு நகர்த்திவிட்டுக் குளிர்ந்த நிலையிலேயே அணைத்தால் பெட்ரோலில் மூழ்கி மறுநாள் ஸ்டார்ட் ஆகாது. வாலட் பார்க்கிங்கில் சாவியைக் கொடுக்கும்போது இதை யாருக்கு விளக்குவது?

கம்ப்ரஷன் பார்க்கச் சாதாரண மீட்டர் உதவாது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும். மஸ்டா சொல்லும் கீழ் வரம்பு, நிமிடத்துக்கு 250 சுற்று என்று திருத்திய கணக்கில் 680 கிலோபாஸ்கல். அதை ஒட்டி நிற்கும் கார், எஞ்சின் வேலை காத்திருக்கும் கார்தான். விலையும் அப்படித்தான் இருக்க வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளுக்கான திரும்ப அழைப்பிலும் இந்த மாடல் உண்டு, மாற்றியாயிற்றா என்று கேளுங்கள்.

பழுதே வராவிட்டாலும் வருடா வருடம் வரும் பில் ஒன்று இருக்கிறது. தீபகற்பத்தில் தனியார் காருக்குச் சாலை வரி 86க்கு 379 வெள்ளி, 2.5 லிட்டர் என்52 இசட்4க்கு 877, 2.7 பாக்ஸ்டருக்கு 1,347.50. இசட்4இலேயே 3.0 லிட்டர் என்52க்குப் போனால் 2,120. நிசான் ஃபேர்லேடி 350 இசட்டை ஏன் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: எஞ்சின் திடமானதுதான், ஆனால் 3,498 சிசிக்கு ஆண்டுக்கு 4,371 வெள்ளி. ஐந்து வருடத்தில் 21,855 வெள்ளி, ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல். பெட்ரோலும் ரோன் 97தான் போட வேண்டும், அதற்கு மானியம் கிடையாது.

வீட்டில் இது ஒன்றுதான் கார், தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் 86தான், வேறு யோசனையே வேண்டாம். மாற்றம் செய்யாத கார், ஸ்பிரிங் கதை முடிந்த கார் என்று தேட மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. வேலைக்கு ஒரு மைவி இருக்கிறது, வார இறுதியில் உலு யாம் பக்கம் போய்வரத்தான் என்றால் என் ஓட்டு 2006 முதல் வந்த 2.5 இசட்4க்கு. அடிக்கடி சின்னச் சின்னதாகக் கேட்கும், ஆனால் தலையில் இடியாக இறங்காது. பாக்ஸ்டர் ஓட்டுவதற்கு இரண்டையும்விட மேல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காரின் விலை போக ஐந்து இலக்கத் தொகையைத் தொடாமல் தனியே வைக்க முடிந்தவர்களுக்கு மட்டும். அந்தத் தொகையையும் சேர்த்துப் போட்டுத்தான் காரையே வாங்க முடிகிறது என்றால், இன்னும் கொஞ்சம் சேர்த்து 2009 காருக்குக் காத்திருக்கலாம். ஆர்எக்ஸ்-8 ஆசை உள்ளவர்களை யாரும் தடுக்க முடியாது. எண்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடன் எடுக்கிறவர்கள் முன்கூட்டியே வங்கியில் கேட்டுவிடுங்கள். வயதான காருக்குப் பல வங்கிகள் தயங்கும், தந்தாலும் தவணைக்காலத்தைச் சுருக்கும். இன்ஷூரன்ஸில் சந்தை விலைக்கு எடுக்காமல், ஒப்புக்கொண்ட தொகைக்கு எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த வித்தியாசம் பெரியது. புஸ்பாகோம் பி5 பாஸாகிவிட்டது என்று காட்டினால் அதை நல்ல காருக்குச் சான்றாக எடுக்காதீர்கள். அது உரிமை மாற்றத்துக்கான பரிசோதனை. எஞ்சின் எண், சேஸி எண், பிரேக், விளக்கு, புகை என்று பார்ப்பார்கள், ஐஎம்எஸ் பேரிங்கையோ ரோட்டர் கம்ப்ரஷனையோ பார்க்க மாட்டார்கள். அந்தந்தக் காரில் பழகிய ஃபோர்மன் ஒருவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே காரைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விற்கிறவர் முன்பணம் கேட்டே தீருவார் என்றால், பரிசோதனையில் சரியில்லாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆர்எக்ஸ்-8 என்றால், கம்ப்ரஷன் எண்கள் ஆறையும் அதே ரசீதிலேயே எழுதச் சொல்லலாம்.